பயாப்சி ரிப்போர்ட்டில் 'தைமிடின் பாஸ்ஃபோரிலேஸ் பாசிட்டிவ்': கட்டியை வளர்க்கும் நொதியா, கீமோ மாத்திரைக்கு உயிர் கொடுக்கும் நொதியா?

கேள்வி இதுதான். சென்னையில் 68 வயது அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆக்சாலிபிளாட்டின் ஊசியும் கேபசிட்டபின் மாத்திரையும் தொடங்கப் போகிறார்கள். வெட்டி எடுத்த கட்டியின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த துண்டை) வெளி லேபில் கொடுத்துக் கூடுதலாக ஒரு பரிசோதனை செய்ததில், 'தைமிடின் பாஸ்ஃபோரிலேஸ், வலுவான பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. அந்த நொதி கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர்க்கிறது என்று இணையத்தில் படித்துக் குடும்பமே கலங்கியிருக்கிறது. 'அந்த நொதியையே முடக்கும் லான்சர்ஃப் என்ற மாத்திரை இருக்கிறதே, அதைக் கேளுங்கள்' என்று உறவினர் ஒருவர் வேறு சொல்கிறார். என்ன செய்வது?

நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மருந்தை மாற்றவும் வேண்டாம். கேபசிட்டபின் கடைசிக் கட்டத்தில் மருந்தாக மாறுவதே அந்த நொதியால்தான். அம்மா இந்தச் சிகிச்சையைப் பத்திரமாகத் தாண்டுவாரா என்பது ரிப்போர்ட்டில் எழுதாத வேறொரு நொதியையும் அவருடைய சிறுநீரகத்தையும் பொறுத்தது. உங்கள் கவலை அந்தப் பக்கம் திரும்பினால் நல்லது. ஏன் என்று விளக்குகிறேன்.

தைமிடின் என்பது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினோடு ஒரு சர்க்கரை ஒட்டிய மூலக்கூறு. இப்படி எழுத்தும் சர்க்கரையும் சேர்ந்து இருந்தால் நியூக்ளியோசைடு என்பார்கள். பழைய செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ உடைந்து தைமிடின் வெளியே வருகிறது. தைமிடின் பாஸ்ஃபோரிலேஸ் அதைப் பிடித்து, நடுவில் ஒரு பாஸ்பேட்டை நுழைத்து, தைமினைத் தனியாகவும் சர்க்கரையைத் தனியாகவும் பிரித்துவிடும். சர்க்கரைத் துண்டின் பெயர் டிஆக்ஸிரைபோஸ்-1-பாஸ்பேட். இந்த வினை இரண்டு திசையிலும் ஓடக்கூடியது. சர்க்கரையைப் பிரிக்கும் அதே நொதி, எழுத்தோடு அதை ஒட்டவும் செய்யும். பின்னால் இது தேவைப்படும்.

இந்த நொதி புற்றுநோய்க்கென்று முளைத்த ஒன்றல்ல. கல்லீரலிலும் ரத்தத் தட்டணுக்களிலும் வெள்ளை அணுக்களிலும் எல்லோருக்கும் இருக்கிறது. பிறவியிலேயே இது வேலை செய்யாதவர்களுக்கு ரத்தத்தில் தைமிடின் குவிந்து, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ கெட்டு, குடல் அசைவும் நரம்பும் தசையும் பாதிக்கப்படும் அரிய நோய் ஒன்று வருகிறது. அதற்குக் காரணம் இந்த நொதியின் மரபணுவில் உள்ள பிழைதான் என்பது 1999-இல் தெரியவந்தது. ஆகவே 'நொதியை ஒழித்துவிட்டால் சரி' என்று நினைப்பதில் அர்த்தமில்லை.

கட்டியோடு இதற்குள்ள உறவு வேறு வழியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தத் தட்டணுக்களில் இருந்து, ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தை 1980-களில் பிரித்தெடுத்து, வளர்ச்சிக் காரணி என்று பெயர் வைத்தார்கள். 1992-இல்தான் அந்தப் புரதமும் தைமிடின் பாஸ்ஃபோரிலேஸும் ஒன்றே என்று புரிந்தது. மற்ற வளர்ச்சிக் காரணிகள் செல்லின் மேலுள்ள ஏற்பியைத் தட்டி வேலை செய்யும். இது அப்படியல்ல; நொதியாக வேலை செய்தால்தான் இதற்குச் சக்தி. பிரிந்த சர்க்கரை பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டு டிஆக்ஸிரைபோஸாகச் செல்லுக்கு வெளியே கசிகிறது. அதன் மணம் பிடித்தாற்போல ரத்தக்குழாய்ச் செல்கள் அந்தத் திசையில் நகர்கின்றன. ஆக்ஸிஜன் குறைந்தாலும் வீக்கம் இருந்தாலும் இந்த நொதி கூடும். கட்டியின் உட்புறம் எப்போதும் ஆக்ஸிஜனுக்கு ஏங்கும் இடம், சுற்றிலும் வீக்கம். அதனால் குடல், இரைப்பை, மார்பகம் எனப் பல கட்டிகளில் பக்கத்துத் திசுவைவிட இது அதிகமாகவே தென்படும். நீங்கள் இணையத்தில் படித்தது பொய்யில்லை. ஆனால் அது கதையின் முதல் பாதி மட்டும்.

அடுத்த பாதி மாத்திரையில் இருக்கிறது. ஃபுளூரோயுராசில் என்ற மருந்து 1957-இல் வந்தது. இன்றும் குடல் புற்றுநோய் சிகிச்சைக்கு முதுகெலும்பு அதுதான். டிஎன்ஏவுக்குத் தைமின் எழுத்தைச் செய்து தரும் தைமிடிலேட் சிந்தேஸ் என்ற நொதியைப் பூட்டிவிடுவதே அதன் முக்கிய வேலை. எழுத்து கிடைக்காத செல் பிரிய முடியாமல் சாகும். சங்கடம் என்னவென்றால், இதை வாயால் சாப்பிட்டால் எவ்வளவு உள்ளே போகும் என்று சொல்லவே முடியாது. ஊசியில் போட்டால் பத்து, இருபது நிமிடத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் இரண்டு நாள் ஓடும் பம்பை மாட்டி அனுப்புகிறார்கள். கட்டிக்குள் போன பிறகுதான் ஃபுளூரோயுராசிலாக மாற வேண்டும் என்ற எண்ணத்தோடு ஜப்பானில் காமகுராவில் இருந்த நிப்பான் ரோஷ் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது கேபசிட்டபின். அமெரிக்காவில் 1998-இல் மார்பகப் புற்றுநோய்க்கும் 2001-இல் பரவிய குடல் புற்றுநோய்க்கும் அனுமதி பெற்றது.

மாத்திரையை விழுங்கியதும் அது உருமாறாமல் அப்படியே குடலில் உறிஞ்சப்படுகிறது. கல்லீரலில் கார்பாக்ஸில் எஸ்டரேஸ் முதல் வாலைக் கழற்றுகிறது. பிறகு கல்லீரலிலும் கட்டியிலும் உள்ள சைடிடின் டிஅமினேஸ் ஒரு அமினோ தொகுதியை நீக்குகிறது. இதுவரை உருவானது எதுவும் செல்லைக் கொல்லாது. கடைசியில் மிஞ்சுவது ஃபுளூரோயுராசிலோடு ஒரு சர்க்கரை ஒட்டிய நியூக்ளியோசைடு. அந்தச் சர்க்கரையை வெட்டி மருந்தை அவிழ்த்துவிடுவது தைமிடின் பாஸ்ஃபோரிலேஸ். நொதி அதிகமுள்ள இடத்தில் மருந்தும் அதிகமாக அவிழும். ஆபரேஷனுக்கு முன் சில நாள் இந்த மாத்திரையைக் கொடுத்து, வெட்டி எடுத்த திசுவில் அளந்து பார்த்தார்கள். குடல் கட்டியில் பக்கத்து நல்ல திசுவைப் போலச் சராசரியாக 3.2 மடங்கு ஃபுளூரோயுராசில் இருந்தது. கல்லீரலுக்குப் பரவிய கட்டியில் அந்த வித்தியாசம் சுமார் 1.4 மடங்குதான், ஏனென்றால் நல்ல கல்லீரலிலேயே இந்த நொதி நிறைய. ஆளுக்கு ஆள் பெரிய ஏற்ற இறக்கம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முன்பு சொன்ன இரு திசை வினை இங்கே திரும்ப வருகிறது. அவிழ்ந்த ஃபுளூரோயுராசிலோடு டிஆக்ஸிரைபோஸை மறுபடி ஒட்டவும் இதே நொதியால் முடியும். அப்படி ஒட்டியதைத் தைமிடின் கைனேஸ் பிடித்துப் பாஸ்பேட் ஏற்றினால், தைமிடிலேட் சிந்தேஸைப் பூட்டும் வடிவம் கிடைத்துவிடும். கட்டி தன் வசதிக்காக வைத்திருந்த நொதி, மாத்திரையை அவிழ்த்தும் கொடுக்கிறது, அவிழ்ந்ததைக் கூர்மையாக்கியும் கொடுக்கிறது. டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தும் கதிர்வீச்சும் இந்த நொதியைக் கூட்டுகின்றன என்று விலங்குச் சோதனைகளில் கண்ட பிறகே அவற்றோடு கேபசிட்டபினைச் சேர்க்கும் யோசனைக்கு வலு வந்தது. மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு நாட்களில் சதுர மீட்டருக்கு 825 மில்லிகிராம் வீதம் இருவேளை கொடுப்பது அந்தச் சேர்க்கைதான்.

அப்படியானால் 'வலுவான பாசிட்டிவ்' என்பது நல்ல செய்திதானே என்று கேட்பீர்கள். அப்படியும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்த நொதி அதிகம் இருந்தவர்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்தது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, தொடர்பே இல்லை என்று வேறு சில. காரணங்கள் புரிந்துகொள்ளக்கூடியவை. லேபில் இந்த நொதியைக் கண்டுபிடிக்க எதிர்ப்பொருளோடு ஒரு சாயம் போடுவார்கள். குடல் கட்டியில் அந்தச் சாயம் பெரும்பாலும் புற்றுநோய்ச் செல்லில் ஏறுவதில்லை, அதைச் சுற்றியுள்ள மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்களில் ஏறுகிறது. எதை எண்ணிப் 'பாசிட்டிவ்' என்று எழுதினார்கள் என்பது லேபுக்கு லேப் மாறும். பயன்படுத்தும் எதிர்ப்பொருளும் எல்லைக் கோடும் மாறும். கட்டிக்குள் மருந்தை அவிழ்க்கும் நொதி எவ்வளவு இருந்தாலும், அதை அழிக்கும் நொதியும் கூடவே அதிகம் இருந்தால் பயன் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாயம் போட்ட அந்தக் கட்டி இப்போது அம்மாவின் உடம்பில் இல்லை. இனி கொடுக்கும் கீமோ எங்காவது ஒளிந்திருக்கக்கூடிய கண்ணுக்குத் தெரியாத செல்களுக்காக. பெரிய கட்டியின் நடுவே மூச்சுத் திணறிய செல்களும், எங்கோ நாலைந்தாக உட்கார்ந்திருக்கும் செல்களும் ஒரே அளவு நொதி வைத்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மருந்தைத் தேர்ந்தெடுக்க இந்தப் பரிசோதனையை வழக்கமான சிகிச்சையில் யாரும் பயன்படுத்தாததற்கு இதுவே காரணம். அந்தப் பணத்தை வேறு பரிசோதனைக்குச் செலவழித்திருக்கலாம் என்பது என் கருத்து. எந்தப் பரிசோதனை என்று சொல்கிறேன்; முதலில் உறவினர் சொன்ன மாத்திரையைப் பார்த்துவிடுவோம்.

லான்சர்ஃப் மாத்திரைக்குள் இரண்டு பொருள்கள். ட்ரைஃபுளூரிடின் என்பது தைமிடினைப் போலவே வேஷம் போட்ட நியூக்ளியோசைடு. டிஎன்ஏவுக்குள் தைமிடின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்து கெடுக்கும். 1960-களிலேயே செய்துவிட்டார்கள், ஆனால் கீமோவாகத் தேறவில்லை. தைமிடினைப் போல இருப்பதாலேயே தைமிடின் பாஸ்ஃபோரிலேஸ் அதையும் குடலிலும் கல்லீரலிலும் பிடித்து உடனே வெட்டிவிட்டது. பல வருடம் கழித்து, அந்த நொதியை மட்டும் அடைக்கும் டிப்பிராசிலை இதோடு சேர்த்தார்கள். தனியாகக் கொடுத்ததைவிட, சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் ட்ரைஃபுளூரிடினின் மொத்த அளவு 37 மடங்கு உயர்ந்தது. 2014-இல் ஜப்பானிலும் 2015-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

ஆக, இங்கே டிப்பிராசிலின் முதல் வேலை கூட இருக்கும் ட்ரைஃபுளூரிடினைக் காப்பாற்றுவது. கட்டியின் ரத்தக்குழாயை வாட்டுவது அதன் பெயரில் சொல்லப்படும் உபரிப் பலன், அவ்வளவுதான். எங்கே பயன்படுகிறது என்பதையும் பாருங்கள்: பரவிய குடல் புற்றுநோயில் ஃபுளூரோயுராசில், ஆக்சாலிபிளாட்டின், இரினோடீகான் எல்லாம் கொடுத்த பிறகும் நோய் முன்னேறியவர்களுக்கு. 800 பேர் பங்கேற்ற சோதனையில் வாழ்நாள் இடைநிலை 5.3 மாதத்திலிருந்து 7.1 மாதமானது. 2023-இல் வெளிவந்த சோதனையில் பெவாசிசுமாப் ஊசியைச் சேர்த்தபோது 7.5-லிருந்து 10.8 மாதமானது. அந்த நிலையில் உள்ளவர்களுக்கு இது மதிப்புள்ள மருந்து. கட்டியை முழுதாக எடுத்துவிட்டுக் குணமாகும் நோக்கத்தோடு கீமோ தொடங்கும் உங்கள் அம்மாவுக்கு இப்போது இதற்கு இடமில்லை. கேபசிட்டபினோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால்? ஒன்று திறக்க நினைக்கும் கதவை மற்றொன்று அடைக்கும். அவிழ்க்க வேண்டிய நொதி அடைபட்டு நிற்க, கேபசிட்டபின் பாதி வழியில் தங்கிவிடும்.

இனி ரிப்போர்ட்டில் இல்லாத நொதி. அதன் பெயர் டைஹைட்ரோபிரிமிடின் டிஹைட்ரஜனேஸ், சுருக்கமாக டிபிடி. உடம்பில் உருவாகும் ஃபுளூரோயுராசிலில் 80 சதவீதத்துக்கும் மேல் கல்லீரலில் இதுதான் அழிக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இது பாதி வேகத்தில் இருக்கும். மிக அரிதாக, அறவே இருக்காது. அப்படிப்பட்டவருக்கு வழக்கமான டோஸ் கொடுத்தால், வடியாத தொட்டியில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான். முதல் சுற்றிலேயே வாய் முழுவதும் புண், நிற்காத பேதி, வெள்ளை அணு சரிவு என்று உயிருக்கே வந்துவிடும். 1993-இல் ஜப்பானில் அக்கி அம்மைக்குக் கொடுத்த சோரிவுடின் என்ற மருந்து டிபிடியை முடக்கி, கூடவே ஃபுளூரோயுராசில் வகை மருந்து எடுத்துக்கொண்டிருந்த பலர் இறந்துபோனார்கள். இந்த நொதியின் முக்கியத்துவத்தை உலகம் அப்படித்தான் கற்றுக்கொண்டது.

ஐரோப்பிய மருந்து முகமை 2020 முதல், இந்த மருந்துகளைத் தொடங்கும் முன் டிபிடி பார்க்கச் சொல்கிறது. இரண்டு வழி உண்டு. ஒன்று மரபணுப் பரிசோதனை. அதில் ஒரு சிக்கல்: வழக்கமாகத் தேடும் நான்கு மாற்றங்கள் ஐரோப்பியர்களிடம் கண்டறியப்பட்டவை, நம்மவர்களிடம் அவை குறைவு. எனவே ஒரு மாற்றம் பிடிபட்டால் அது மிக உபயோகமான தகவல். பொதுவாக முதல் டோஸைப் பாதியாக்கித் தொடங்குவார்கள். ஒன்றும் பிடிபடாவிட்டால் 'ஆபத்தில்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முழு மரபணுவையும் வாசிக்கும் லேப் கிடைத்தால் இந்த ஓட்டை கொஞ்சம் அடைபடும்.

இரண்டாவது வழி, ரத்தத்தில் யுராசில் அளவு. டிபிடி மந்தமாக இருந்தால் உடம்பின் சொந்த யுராசிலே தேங்கும். மில்லிலிட்டருக்கு 16 நானோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் பகுதிக் குறைபாடு, 150-ஐத் தொட்டால் முழுக் குறைபாடு என்று கொள்வார்கள். இந்தப் பரிசோதனை நம் ஊர் வெயிலில் சுலபமாகக் கெட்டுப்போகும். எடுத்த ரத்தம் அறை வெப்பத்தில் கிடந்தால் குழாய்க்குள்ளேயே யுராசில் ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, பைக்கில் நாலு இடம் சுற்றி மாலையில் லேபுக்குப் போகும் சாம்பிளை நம்ப முடியாது. காலையில் வெறும் வயிற்றில், லேபிலேயே போய்க் கொடுங்கள். ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிப்பார்களா என்று கேளுங்கள். சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் யுராசில் கூடுதலாகக் காட்டும் என்பதையும் டாக்டரிடம் நினைவூட்டுங்கள்.

சிறுநீரகம் என்றதும் நிறையப் பேர் 'கிரியேட்டினின் நார்மல்' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். இதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் வயதான, மெலிந்த பெண்களிடம் இங்கேதான் அதிகம் தவறுகிறது. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐயும் கிரியேட்டினினையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும்; பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். 68 வயது, 50 கிலோ, கிரியேட்டினின் 1.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 × 50 ÷ 72 = 50; அதை 0.85-ஆல் பெருக்கினால் 42.5. லேப் ஷீட்டில் 1.0 என்பது நார்மல் எல்லைக்குள் இருக்கும், ஆனால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 42 மில்லிலிட்டர்தான். 30-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால் கேபசிட்டபின் டோஸை 25 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு. 30-க்குக் கீழே என்றால் கொடுக்கவே கூடாது.

டோஸ் கணக்கும் அப்படியே. உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடலின் பரப்பு. 150 சென்டிமீட்டர், 50 கிலோவுக்கு 1.44 சதுர மீட்டர். ஆக்சாலிபிளாட்டினோடு சேர்க்கும்போது கேபசிட்டபின் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 1000 மில்லிகிராம், காலையும் இரவும், 14 நாள். பிறகு ஏழு நாள் ஓய்வு. ஆக்சாலிபிளாட்டின் முதல் நாள் மட்டும் 130. அப்படியானால் ஒரு வேளைக்கு 1440 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று. சிறுநீரகக் கணக்கைச் சேர்த்தால் 1080, அதாவது இரண்டு. ஒரு சுற்றுக்கு 84 மாத்திரையா 56 மாத்திரையா என்ற வித்தியாசம் அந்த 'நார்மல்' கிரியேட்டினினுக்குள் மறைந்து கிடக்கிறது. இந்தக் கணக்கை வைத்து நீங்களே மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். சீட்டில் உள்ள எண்ணிக்கை இதோடு ஒத்துப்போகவில்லை என்றால், தொடங்கும் முன் காரணம் கேளுங்கள். மாத்திரை 150 மில்லிகிராமிலும் வருகிறது. இரண்டு அட்டையும் வீட்டில் இருந்தால் மாறிப்போகும், தனித்தனி டப்பாவில் வையுங்கள். எத்தனை சுற்று என்பது கட்டி எவ்வளவு ஆழம் போயிருந்தது, எத்தனை நெறிக்கட்டிகளில் இருந்தது என்பதைப் பொறுத்தது; ஆபத்து குறைந்த மூன்றாம் நிலைக்கு நான்கு சுற்று போதும், மற்றவர்களுக்கு எட்டு.

சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காலை எட்டு, இரவு எட்டு என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும். இட்லியோ கஞ்சியோ ரசம் சாதமோ, வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்; விரத நாளில் வெறும் வயிற்றில் போடக் கூடாது. உடைத்தோ பொடித்தோ கொடுக்காதீர்கள். ஒரு வேளை மறந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்க்க வேண்டாம். விழுங்கியதும் வாந்தி வந்தாலும் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

அம்மா ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு ஓபிக்கு எடுத்துப் போங்கள். வார்ஃபரின் இருந்தால் ரத்தம் அளவுக்கு மீறி இளகும்; இது கீமோ தொடங்கிய சில நாளிலும் வரலாம், நிறுத்தி ஒரு மாதம் வரையும் வரலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி நடை தள்ளாடும். யாரும் சந்தேகப்படாத ஒன்று, சத்து மாத்திரை. ஃபுளூரோயுராசில் வடிவம் தைமிடிலேட் சிந்தேஸை இறுக்கிப் பூட்ட ஃபோலேட் என்ற பி வைட்டமினின் துணை வேண்டும். அதன் மாத்திரை வடிவமான ஃபோலிக் ஆசிட் கூடினால் பூட்டு இன்னும் இறுகி, பேதியும் வாய்ப்புண்ணும் கடுமையாகும். 'கீமோவுக்குத் தெம்பு வேண்டுமே' என்று மருந்துக்கடையில் வாங்கும் பல பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். கீரையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், சாப்பாட்டில் வரும் அளவு பிரச்சினையில்லை.

ஏறத்தாழ பாதிப் பேருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். அழுத்தமும் சூடும் உராய்வும் அதைக் கூட்டும். ஆகவே கீமோ முடியும் வரை தேங்காய் துருவுவது, துணியைக் கையால் கசக்குவது, சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடிப்பது எல்லாம் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். மே மாதக் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம், காலையிலோ மாலையிலோ போய் வரட்டும். யூரியா கலந்த க்ரீமை முதல் நாளிலிருந்தே தடவலாம். பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரை நம் ஊரில் இதற்காக நிறைய எழுதப்படுகிறது. சோதனைகளில் அது தடுத்ததாகத் தெரியவில்லை. பலன் கண்டது டெல்லி எய்ம்ஸ் செய்த சோதனையில். 264 பேர், 1 சதவீத டைக்ளோஃபினாக் ஜெல்லைப் பன்னிரண்டு வாரம் கைகளில் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்கே நடுத்தரமான அல்லது அதற்கும் மேலான பாதிப்பு வந்தது, சும்மா ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம். 2024-இல் வெளிவந்த முடிவு இது. அதே மருந்தின் வலி மாத்திரையை இதற்காக விழுங்கிவிடாதீர்கள், சிறுநீரகம் பாழாகும். மருதாணி வைக்கலாமா என்று பல வீடுகளில் கேட்பார்கள். இலையை அரைத்து வைப்பதில் தடையில்லை, ஆனால் அதைச் சிகிச்சையாக நம்பப் போதுமான ஆதாரம் இல்லை. கடையில் விற்கும் கறுப்புக் கோன் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் கலக்கும் சாயம் உரிந்த தோலைப் புண்ணாக்கும்.

தோல் உரிந்தால் கைரேகையும் மங்கும். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் இதனால் அமெரிக்க விமான நிலையத்தில் பல மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது 2009-இல் மருத்துவ இதழிலேயே வெளியானது. ரேஷன் கடையில் ரேகை வைத்தே பொருள் வாங்குபவர் அம்மா என்றால், குடும்ப அட்டையில் உள்ள மற்றொருவர் போகட்டும். பென்ஷனுக்கு உயிர்ச்சான்று தர வேண்டியிருந்தால் ஆதாரில் கருவிழி வழியாகவும் முகம் வழியாகவும் சரிபார்க்க முடியும்.

கடைசியாக, எப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு போன் செய்வது. வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு, அல்லது இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஒரே நாளில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, சாப்பிட முடியாதபடி வாய்ப்புண், கை கால் வலியால் வேலை செய்ய முடியாமை, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல். இவற்றில் ஒன்று வந்தாலே அடுத்த வேளையைப் போடாதீர்கள். 'இன்னும் மூன்று நாள்தானே, கோர்ஸை முடித்துவிடுவோம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பவர்கள்தான் ஐசியு வரை போகிறார்கள். இடையில் சில வேளை நிறுத்தியதால் சிகிச்சை வீணாகாது; மருந்தே அப்படி நிறுத்தித் தொடரும்படி வகுக்கப்பட்டது. நெஞ்சு வலி வந்தால் அது வேறு கணக்கு. இந்த மருந்து இதயத்தின் ரத்தக்குழாயைச் சுருங்க வைக்கும். உடனே அவசரப் பிரிவுக்குப் போய், கேபசிட்டபின் சாப்பிடுகிறார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போன் செய்யுங்கள். சென்னைக் கோடையில் 50 கிலோ உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும், வற்றினால் சிறுநீரகம் இன்னும் மந்தமாகும், மருந்து இன்னும் தேங்கும். ஓஆர்எஸ்ஸை ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுக்க வேண்டாம். ஆக்சாலிபிளாட்டின் போட்ட சில நாளுக்குச் சில்லென்று எது பட்டாலும் தொண்டையும் விரலும் மரத்து இழுக்கும். இந்தத் தொல்லைகள் முதல் சுற்றின் முதல் இரண்டு வாரத்திலேயே, கடுமையாக, ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால் டிபிடி குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். டோஸைக் குறைத்து மறுபடி தொடங்குவதற்கு முன் அதைப் பார்த்தாக வேண்டும். கேபசிட்டபினின் நச்சு விளைவை முறிக்க யுரிடின் ட்ரைஅசிடேட் என்ற மருந்து இருக்கிறது. கடைசி மாத்திரையிலிருந்து 96 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்குப் பலன். அதனால் கடைசியாக எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை போட்டார் என்பதை முதல் நாளிலிருந்தே ஒரு காலண்டரில் குறித்து வாருங்கள்.